காப்பிரி ஆக்கள்ட ஆப்பிரிக்கப் பாஷை எங்க போனது? பாலையூற்றுப் பக்கம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

உவர்மலை மலர்:

வணக்கம், கேள்வி கொஞ்சம் நீளமாப் போகும், குறை நினைக்காதீங்க. போன மாசம் இங்க திருகோணமலையில, பாலையூற்றில ஒரு கலியாண வீடு. பொம்பிளை வீட்டாக்கள் பறங்கி ஆக்கள், எங்களுக்கு உடுப்புத் தைக்கிற அன்ரிட சொந்தம், அதால எங்களையும் கூப்பிட்டவ. சாப்பாடெல்லாம் முடிஞ்சு வயலினை எடுத்து கபிரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினதுதான், எழுபது வயசு அன்ரி செருப்பைக் கழட்டி மூலையில வச்சிட்டு இறங்கினா பாருங்க, எங்கட மகள் ஐஸ்கிறீம் கரையிறதும் தெரியாம வாயைப் பிளந்துகொண்டு நிண்டவள்.

அடுத்த கிழமை சட்டை எடுக்கப் போகேக்க மகள் விடாம நோண்டினா. அன்ரி சொன்னா, அம்மாட பக்கம் காப்பிரி ஆக்களாம், பூட்டன்ட பூட்டன் யாரோ ஆப்பிரிக்காவில இருந்து கப்பல்ல கொண்டு வரப்பட்ட ஆளாம். "அப்ப உங்கட பாஷை என்ன அன்ரி?" எண்டு இவள் கேக்க, அன்ரி யோசிச்சு யோசிச்சு தன்ர அம்மம்மா தண்ணிக்கு "ஆகு" எண்டும் வீட்டுக்கு "காசா" எண்டும் சொல்லுறவ எண்டா. மகள் உடன கொப்பியில "ஆப்பிரிக்க பாஷை" எண்டு தலைப்பைப் போட்டு ரெண்டு சொல்லையும் சிவப்புப் பேனையால எழுதி வச்சிருக்கிறாள். அவள் தரம் 8, வகுப்பில அடுத்த கிழமை இதைப்பற்றித்தான் பேசப் போறாளாம்.

நான் போனில தேடிப் பாத்தன், பாண்டு பாஷை, அது இது எண்டு நூற்றுக்கணக்கில வருது, தலை சுத்துது. இந்த ரெண்டு சொல்லும் எந்தப் பாஷை? இங்க வந்த ஆக்கள் கதைச்சது எது? அதை இப்ப எங்கயாவது ஆரும் கதைக்கினமா? பிள்ளை பிழையாப் பேசி வெக்கப்படக் கூடாது, அதுதான் கேக்கிறன்.

பாலையூற்றுக்காரன்:

தங்கச்சி, முதல்ல பிள்ளைட கொப்பியில அந்தத் தலைப்பை வெட்டச் சொல்லுங்க. ஆகுவும் காசாவும் ஆப்பிரிக்கா இல்ல, போத்துக்கீசம். எங்கட அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுறவ, நாங்களும் பறங்கி ஆக்கள்தான், ரெயில்வேயில வேலை செய்த குடும்பம். அம்மாக்கு இப்ப 78, வீட்டில அந்தப் பாஷை தெரிஞ்ச ஆள் அவ மட்டும், எனக்கு ஏச்சு வாங்கின சொல் மட்டும் நல்லாத் தெரியும்.

அது லிஸ்பன்ல கதைக்கிற போத்துக்கீசம் இல்ல. சொல்லு அங்கத்தையது, கட்டுறது எங்கட தமிழ் மாதிரி. ஆரு, என்ன, எங்க எண்டு வரிசையாச் சொல்லி வினைச்சொல்லைக் கடைசியில கொண்டு வந்து வைக்கிறது. முடிஞ்சதெண்டா வினைக்கு முன்னால "ஜா", இனி நடக்கப் போறதெண்டா "லோ". ஹூகோ கார்டோசோ எண்ட போத்துக்கீச மொழியியல்காரரும் அவரோட சேந்த ஆக்களும் மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கம் கிழடு கட்டைகளைக் கதைக்க வச்சு ரெக்கோட் பண்ணினவை.

அந்நியப் பாஷை எண்டு நினைக்கவும் வேண்டாம். நீங்க இருக்கிற கதிரை, அன்ரி துணி அடுக்கிற அலுமாரி, குசினி, துவாய், சப்பாத்து, காலமை திண்ட பாண் எல்லாம் அவன் விட்டுட்டுப் போனதுதான். இதெல்லாம் ஆப்பிரிக்கப் பாஷையெண்டா நாங்க எல்லாரும் ஆப்பிரிக்கர்தான்.

காப்பிரி ஆக்கள்ட கதை எனக்குத் தெரிஞ்சவரைக்கும் சொல்லுறன். போத்துக்கீசன் 1505ல வந்து 1658 வரைக்கும் இருந்தவன், அவன்ட கிழக்காப்பிரிக்கத் தலைநகர் மொசாம்பிக் தீவு, அங்க இருந்து கோவா, கொச்சி, கொழும்பு எண்டு கப்பல் ஓடினது, அதில சரக்கோட ஆக்களும். எங்கட கோணேசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லால 1624ல கோட்டை கட்டினவனும் அதே ஆள்தான். பிறகு ஒல்லாந்தன் வந்து அடிமைகளை வச்சுக் கொழும்பில வேலை வாங்கினவன், கொம்பனித்தெருவுக்கு இங்கிலீசில அடிமைத் தீவு எண்டு பேர் வந்தது அதாலதான். வெள்ளைக்காரன் ஆப்பிரிக்க ஆக்களை எடுத்துப் பட்டாளம் அமைச்சு கண்டிச் சண்டைக்கு அனுப்பினவன், பட்டாளம் கலைய கொஞ்சப் பேர் புத்தளம் பக்கம் தங்கினவை. சிரம்பையடியில இண்டைக்கும் இருக்கினம், மாஞ்சா எண்டு பாட்டு வச்சிருக்கினம், வீட்டில இப்ப சிங்களம். பாட்டு போத்துக்கீசம், பாடுற இளம் பிள்ளையளுக்கு அர்த்தம் அரைகுறை. திருகோணமலையில இருந்தவை எங்களோட கலந்திட்டினம், அதாலதான் அன்ரிக்குத் தாய் வழியில இந்தக் கதை.

ஆனா அதுக்கு முந்தி, கப்பல்ல ஏறேக்க அவையள்ட வாயில இருந்த பாஷை? அதுக்கு என்னட்ட பதில் இல்ல. கடலோடி அண்ணை தென்னாப்பிரிக்காவில, டர்பன்ல இருந்தவர், அவர் வந்தா சொல்லுவார்.

கிண்ணியா காக்கா:

நல்ல கேள்வி தங்கச்சி. ஒரு விஷயம் பிள்ளைக்குச் சொல்லிக் குடுங்க, காப்பிரி எங்கிற சொல் அரபில காபிர் எங்கிறதால வந்தது, அரபி யாவாரிமார் ஆப்பிரிக்காவில முஸ்லிம் இல்லாத ஆக்களுக்கு வச்ச பேர், அதைப் போத்துக்கீசன் தூக்கிட்டு வந்து இங்க இறக்கினான். இங்க அந்த ஆக்களே தங்களுக்குச் சொல்லிக் கொள்றாங்க, பிரச்சினை இல்ல. ஆனா தென்னாப்பிரிக்காவில போய் அந்தச் சொல்லை வாயில எடுத்தா அடி விழும், கோட்டுக்கும் போகோணும். என்ட மச்சான் ஒருத்தன் கட்டார்ல கூட வேலை செய்த தென்னாப்பிரிக்காக்காரன்ட "எங்கட ஊரிலயும் உங்கட ஆக்கள் இரிக்காங்க" எண்டு இந்தப் பேரைச் சொல்லிப்போட்டு மறுகா ஒரு மாசம் மன்னிப்புக் கேட்டுத் திரிஞ்சவன்.

பாண்டு எண்டா ஒரே பாஷையா இல்ல கனக்கவா, அதை எனக்கும் விளங்கப்படுத்துங்க.

கடலோடி:

கூப்பிட்டதுக்கு நன்றி தம்பி. நான் 14 வருஷம் கப்பல்ல எஞ்சின் பக்கம், பிறகு டர்பன்ல கப்பல் திருத்திற இடத்தில 5 வருஷம். இப்ப நிலாவெளியில வீட்டோட.

காக்கா, பாண்டு ஒரு பாஷை இல்ல, திராவிடம் எண்டு சொல்லுற மாதிரி ஒரு குடும்பம். கமரூன் பக்கத்தில இருந்து தென்னாப்பிரிக்கா மட்டும் பரந்து கிடக்கு, சுவாஹிலி, சூலு எல்லாம் அதில. ஆள் எண்டதுக்கு அந்தக் குடும்பம் முழுக்க ஒரே வேர், "ந்து" எண்டு வச்சுக்கொள்ளுங்க, முன்னால "பா" வந்தா ஆக்கள், அதுதான் பாண்டு. பிளேக் எண்டு ஒரு ஜெர்மன்காரர் 19ம் நூற்றாண்டில ஒப்பிட்டுப் பாத்து அந்தப் பேரை வச்சவர்.

மொசாம்பிக் தீவையும் அதுக்கு எதிர்க்கரையையும் சொல்லுறதெண்டா அங்க மக்குவா பாஷை. அவங்க தங்கட வாயால "எமக்குவா" எண்டு சொல்லுவாங்க. இங்க கொண்டு வந்த எல்லாரும் மக்குவாதான் எண்டு ஒருத்தரும் சத்தியம் பண்ண ஏலாது, உள்நாட்டில இருந்தும் பிடிச்சுக்கொண்டு வந்து ஏத்தினவங்கள். ஆனா பிள்ளைக்கு ஒரு பாஷையைக் காட்ட வேணுமெண்டா இதைக் காட்டுங்க, ஏனெண்டா இதுக்கு ஒரு கதை இருக்கு.

நான் டர்பன்ல வாடகைக்கு இருந்த இடம் சாட்ஸ்வேர்த். அந்த ஊரைத் தெரிஞ்சவைக்குத் தெரியும், அது இந்திய ஆக்களுக்கெண்டு நிறவெறி அரசாங்கம் ஒதுக்கின இடம், எந்தப் பக்கம் திரும்பினாலும் கவுண்டர், நாயுடு, பிள்ளை எண்டு பேர்ப்பலகை, தைப்பூசத்துக்குக் காவடி. எனக்குப் பக்கத்து வீடு ஒரு கறுப்பினக் குடும்பம். முஸ்லிம் ஆக்கள். நான் சூலு எண்டு நினைச்சு எனக்குத் தெரிஞ்ச ரெண்டு சூலுச் சொல்லை விட்டன், அந்தப் பாய் சிரிச்சுப்போட்டு "நான் சான்சிபாரி" எண்டார். பிறகு பின்வளவில அவர்ட தாய் பேரனுக்கு ஏசிற சத்தம் கேக்குது, அது சூலுவும் இல்ல இங்கிலீசும் இல்ல. அதுதான் நான் முதல் முதல் கேட்ட எமக்குவா. மொசாம்பிக்கில இல்ல, காவடி எடுக்கிற ஊரில.

எப்பிடி அங்க வந்தது? 1873ல கிழக்காப்பிரிக்கக் கரையில இருக்கிற சான்சிபார் தீவின்ட சுல்தான் அடிமைச் சந்தையை மூட ஒப்பந்தம் வச்சவர். வெள்ளைக்காரன்ட கடற்படை அடிமைக் கப்பல்களை மறிச்சு மீட்ட ஆக்களில ஒரு தொகுதியை எச்.எம்.எஸ். பிரிட்டன் எண்ட கப்பல் அதே வருஷம் ஆகஸ்ட்டில டர்பன்ல இறக்கினது, 113 பேர். 1880 மட்டுக்கும் பிறகும் பிறகும் கொண்டு வந்து ஐந்நூறு அளவாச்சு. கூடுதலானவை மக்குவா. எங்கட ஊராக்களுக்கு ஒரு விசேஷம், அந்தக் கப்பல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவைச் சேந்தது, அந்தப் பிரிவின்ட முக்கிய தளம் எங்கட திருகோணமலைத் துறைமுகம். விடுதலை எண்டு பேர்தான், இறங்கின கையோட 5 வருஷ ஒப்பந்தக் கூலி. கரும்புத் தோட்டத்துக்குச் சென்னையில இருந்து எங்கட ஆக்களை 1860ல இறக்கின அதே துறைமுகம், அதே ஒப்பந்தம்.

பிறகு டர்பன் ஜும்மா பள்ளிவாசல்ட அறக்கட்டளை ப்ளஃப் எண்ட இடத்தில காணி வாங்கி அவங்களை இருத்தினது. அறுபது எழுபது வருஷம் தங்கட பாட்டில, தங்கட பாஷையோட இருந்தவங்க. நிறவெறி ஆட்சி வந்து ஆளாளுக்கு இன முத்திரை குத்தேக்க இவங்களை எந்தப் பெட்டிக்குள்ள போடுறது எண்டு தெரியேல்ல. கறுப்பு ஆக்கள், ஆனா சூலு இல்ல, முஸ்லிம், இந்திய ஆக்கள்ட பள்ளிவாசல். கடைசியில "பிற ஆசியர்" எண்டு எழுதினாங்கள். ஆப்பிரிக்காவில பிறந்து ஆப்பிரிக்கப் பாஷை கதைக்கிற ஆக்களுக்கு ஆசியர் எண்டு சேட்டிபிக்கட்! 60கள்ல ப்ளஃப்பை வெள்ளையருக்கு எண்டு எடுத்து, இவங்களை அள்ளிக்கொண்டு வந்து சாட்ஸ்வேர்த்தில, தமிழ் ஆக்கள்ட நடுவில விட்டாங்கள்.

இப்ப பாஷையைப் பாருங்க, எனக்கு இது பைத்தியம் பிடிச்ச விஷயம். மக்குவாவில ப, த, ட, க இருக்கு, ஆனா பஸ் எண்டதில வாற ப மாதிரி, கார்டில வாற ட மாதிரிக் கனமாச் சொல்லுற சத்தம் எண்டு தனியா ஒண்டும் கிடையாது. பக்கத்துப் பாஷையளில அந்தச் சத்தம் நிறைய, இதில இல்ல. அதோட "த" வேற "ட" வேற எண்டு எங்களை மாதிரிப் பிரிப்பாங்க. நான் ஒரு சொல்லைத் திருப்பிச் சொன்னா கிழவி "இவனுக்கு நாக்குச் சரி" எண்டு மகனுக்குச் சொல்லும், சூலுப் பெடியனுக்கு வராதது எனக்கு வந்தது.

சுவாஹிலியில வீடு "ந்யும்பா", மக்குவாவில "எனுப்பா". ம்பா போய் ப்பா ஆயிட்டுது பாருங்க. தண்ணி சுவாஹிலியில "மாஜி", இங்க "மாஸி". மீன் "எஹோப்பா", கனக்க மீன் "இஹோப்பா". ஆள் "முட்டு" மாதிரி ஒரு சொல்லு, ட்டுவில கொஞ்சம் காத்து விட்டுச் சொல்லோணும், ஆக்கள் "அட்டு". அதாவது நாங்க ஒருமை பன்மையை வாலில கட்டுறம், மனிசன் மனிசர் எண்டு, அவங்க தலையில கட்டுறாங்க. அந்தத் தலையெழுத்து வசனம் முழுக்கப் பின்னால வாற சொல்லுக்கும் ஏறும். நாங்க பெடியன் வந்தான், பெட்டை வந்தாள் எண்டு முடிவை மாத்துற மாதிரி, ஆனா ஆண் பெண் கணக்கு இல்ல, ஆள் ஒரு வகுப்பு, மரம் ஒரு வகுப்பு, அப்பிடி எக்கச்சக்கம். நன்றி சொல்ல "கோஷுக்குரு", அரபு ஷுக்குர்ல இருந்து வந்தது, காக்காவுக்கு உடன விளங்கும்.

பிள்ளை மூண்டு சொல் எழுதட்டும்: மாஸி, எனுப்பா, எஹோப்பா.

கிண்ணியா காக்கா:

ஷுக்குர்! விளங்கிற்று, விளங்கிற்று. அப்ப மீன் விக்கிறவன் அந்தக் கரையிலயும் "எஹோப்பா" எண்டு கத்தலாம், இங்கயும் அப்பிடிக் கத்தினா நாலு பேர் வருவாங்க.

வெறும்வாய்:

ஊரில தண்ணி இல்ல, கரண்ட் பில் ஏறிட்டுது, வேலை இல்ல. நீங்க மொசாம்பிக்கில மீனுக்கு என்ன பேர் எண்டு ஆராய்ச்சி. நல்லா இருங்க.

பாலையூற்றுக்காரன்:

கரண்ட் பில்லுக்குத் தனித் திரி இருக்கு தம்பி, அங்க போய்க் கதைங்க, நானும் வாறன், எனக்கும் கூடத்தான் வந்தது.

உவர்மலை மலர்:

அண்ணை, கோடி நன்றி. மகள் மூண்டு சொல்லையும் எழுதி குசினிக்குள்ள நடந்து நடந்து பாடமாக்கிறாள், அவரை மீன் வாங்க அனுப்பேக்க "இஹோப்பா வாங்கிட்டு வாங்க அப்பா" எண்டு கத்தினது முன் வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

ஆனா இப்ப அவள் கேக்கிற கேள்விதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. டர்பன்ல 113 பேரோட தொடங்கி நூற்றைம்பது வருஷம் வச்சிருக்கிறாங்க, இங்க கொண்டு வந்த ஆக்கள் ஏன் ஒரு சொல்லும் வச்சிருக்கேல்ல, அவையளுக்கு அக்கறை இல்லையா எண்டு கேக்கிறாள். அன்ரிக்கு முன்னால இதைக் கேட்டுப்போடுவாளோ எண்டு பயமா இருக்கு. என்ன சொல்லுறது?

கொலம்பஸ் ரவி:

நான் மூதூர், இப்ப அமெரிக்காவில ஒஹாயோ, வேர்ஹவுஸ்ல நைட் ஷிப்ட், பிரேக்கில வாசிச்சன். கடலோடி அண்ணை சொன்ன மாதிரி இன்னொரு கூட்டம் இருக்கு, என்னோட பெட்டி அடுக்கிற ஒருத்தர் அந்த ஆள். சோமாலியா பாஸ்போட், ஆனா மற்ற சோமாலிக்காரரோட சாப்பிடவும் இருக்கமாட்டார், கேட்டா தான் சிகுலா எண்டார். அவங்கட பாஷை சிசிகுலா, முன்னால வாற "சி" பாஷைக்கு, "வ" ஆக்களுக்கு, வசிகுலா. அண்ணை சொன்ன தலையில கட்டுற விஷயம் இதுதான் எண்டு இப்பதான் விளங்குது. சோமாலிக்காரர் அவங்களை முஷுங்குலி எண்டுவாங்க.

அவங்கட சொந்த இடம் இண்டைக்குத் தன்சானியாவில டாங்கா பக்கம். 19ம் நூற்றாண்டில பஞ்சம் வந்து, பிடிபட்டும் ஏமாந்தும் அடிமையாக் கப்பலேறி சோமாலியாத் தோட்டங்களுக்குப் போனவங்க. அங்க இருந்து கொஞ்சப் பேர் தப்பி, ஊருக்கே நடந்து போற எண்டு வெளிக்கிட்டு, ஜூபா ஆத்தங்கரைக் காட்டுக்குள்ள நிண்டிட்டாங்க, வனாக்குச்சா எண்ட ஒரு தலைவர்ட பேரை இவர் மரியாதையாத்தான் சொல்லுவார். அந்தக் காட்டில தோட்டம் செய்து கொண்டு தங்கட பாஷையோட இருந்தவங்க. அதே ஆத்தங்கரையில குடியிருந்த மற்ற பாண்டுக் கூட்டங்கள்ல, மக்குவா, யாவோ எண்டு வந்தவங்கள்லயும், கூடுதலானவை சோமாலிப் பக்கத்துப் பாஷைக்கு மாறிட்டாங்க, இவங்க மாறேல்ல.

1991ல சண்டை தொடங்க எல்லாரும் கென்யா அகதி முகாம், தடாப். 2003ல இருந்து 12,000க்கு மேல சோமாலி பாண்டு ஆக்களை அமெரிக்கா எடுத்தது, இவர் அதில ஒருத்தர். இவர்ட சித்தப்பா கென்யாவுக்கு வராம தன்சானியாவுக்குப் போனவர், ஹந்தேனி பக்கத்தில இறங்கி வாயைத் திறந்தா ஊராக்களுக்கு விளங்கினதாம். நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு! இதைச் சொல்லேக்க மனிசன் பெட்டியைக் கீழ வச்சிட்டார், சூப்பவைசர் வந்து முறைச்சதும் தெரியேல்ல.

எனக்கு அகதி முகாம் தெரியும், அதால இந்தக் கதை கொஞ்சம் உள்ள போனது. இப்ப அவர்ட பிள்ளையள் இங்கிலீசில திருப்பிப் பதில் சொல்லுதுகள் எண்டு கவலைப்படுறார். என்ர ரெண்டும் அதேதான்.

கடலோடி:

மலர் தங்கச்சி, பிள்ளைட கேள்விக்கு வாறன், அது சரியான கேள்வி, ஆனா அக்கறை எண்ட சொல்லை எடுத்துப்போடச் சொல்லுங்க.

டர்பன்ல இறங்கினவை கூடுதலா ஒரே பாஷைக்காரர், கிட்டத்தட்ட ஒரே காலத்தில வந்தவை, பெண் பிரசைகளும் சேந்து, ஒரே காணியில இருந்தவை, ஒரே பள்ளிவாசல். ரவி சொல்லுற சிகுலா ஆக்களும் அப்பிடித்தான், ஒரு காடு, ஒரு ஆறு. இங்க எப்பிடி? முன்னூறு வருஷத்துக்குள்ள போத்துக்கீசன் கொஞ்சம், ஒல்லாந்தன் கொஞ்சம், வெள்ளைக்காரன் கொஞ்சம் எண்டு சிந்தினது. ஒரே அறைக்குள்ள கிடக்கிற பத்துப் பேருக்கு நாலைஞ்சு பாஷை இருந்திருக்கும். ஒருத்தனோட ஒருத்தன் கதைக்கிறதுக்கே எசமான்ட பாஷைதான் வழி. படையாள் கட்டினது இங்கத்தப் பொம்பிளையை, பிள்ளை தாயிட்டக் கேட்டது வேற. ரெண்டு தலைமுறை போதும், முடிஞ்சுது. இது என்ர கணக்கு, புத்தகத்தில பாத்துச் சொல்லேல்ல, நேரில பாத்ததை வச்சுச் சொல்லுறன்.

இன்னொண்டு சொல்லுறன், இதைப் பிள்ளை வகுப்பில சொன்னாலும் சொல்லட்டும். சாட்ஸ்வேர்த்தில என்ர வலப்பக்க வீடு மக்குவா, இடப்பக்க வீடு தமிழ் ஆக்கள், வேலூர்ப் பக்கத்தில இருந்து வந்த குடும்பம், நாலாம் தலைமுறை. முருகன் படம், வெள்ளிக்கிழமை விளக்கு, மரக்கறிச் சாப்பாடு, எல்லாம் இருக்கு. வீட்டுக்காரர் தேவாரம் பாடுவார், கையில இருக்கிற புத்தகத்தில தேவாரம் இங்கிலீசு எழுத்தில. நான் தமிழில ரெண்டு வசனம் கதைச்சா மனிசன்ட கண் கலங்கும், ஆனா விளங்காது. ஒன்றரை லட்சம் பேர் வந்து இறங்கின கூட்டம் அது, தமிழ் ஆக்கள் அதில பெரும் பங்கு. ஐந்நூறு பேரோட தொடங்கினவன் பேரனுக்குத் தன்ர பாஷையில ஏசுறான்.

பின்னேரங்கள்ல மூண்டு வீட்டுக்காரரும் சேந்து காட்ஸ் விளையாடுவம். டர்பன் இந்திய ஆக்கள்ட விளையாட்டு ஒண்டு இருக்கு, "துனீ" எண்டு பேர், எங்கட முன்னூற்றுநாலு போலதான், ஜாக்குக்கு 30, ஒம்பதுக்கு 20, எண்ணிக்கை அப்பிடியே. பேர் "தண்ணி" எண்ட தமிழ்ச் சொல்லில இருந்து வந்தது எண்டு சொல்லுவாங்க. மக்குவாப் பாய் அதில விண்ணன், கடைசிப் பிடியில காட்டை மேசையில அடிச்சு "துனீ!" எண்டு கத்துவார். இடப்பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதுதான் வாயில வாற தமிழ்.

உவர்மலை மலர்:

கடலோடி அண்ணை, இதை மகளுக்கு வாசிச்சுக் காட்டினன், அவள்ட அப்பா பக்கத்தில இருந்து கேட்டவர், முடிய எழும்பி வெளியில போட்டார், பிறகு வந்து "துனீக்குத் துரும்பு உண்டா எண்டு கேள்" எண்டார். அவற்ற கவலை அவருக்கு.

நேற்றுப் பின்னேரம் அன்ரிட்டப் போனனாங்க. கேள்வி கேக்காத எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனன், மகள் வாசல்ப்படியிலயே கேட்டுப்போட்டாள். அன்ரி ஒண்டும் நினைக்கேல்ல, மெசினை நிப்பாட்டிப்போட்டு, "ஆகு எங்கட இல்லையா அப்ப?" எண்டு மட்டும் கேட்டா. நான் இல்ல அன்ரி, அதுவும் உங்கடதான், ஆனா அது போத்துக்கீசத்தில இருந்து வந்தது எண்டு விளங்கப்படுத்தினன். போனில மக்குவா ஆக்கள் கதைக்கிற வீடியோ ஒண்டு எடுத்துப் போட்டம். கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் காதை போனுக்குக் கிட்ட வச்சு முழுக்கக் கேட்டா, 6 நிமிஷம் வரும். ஒரு சொல்லும் தெரியேல்ல பிள்ளை எண்டா. பிறகு மகளிட்ட "மீனுக்கு என்ன சொன்னனீ, திரும்பச் சொல்லு" எண்டா. இவள் எஹோப்பா எண்ட, அன்ரி சோக்கட்டியால மேசையில விரிச்சிருந்த துணியிலயே எழுதினா, ஆற்றையோ பள்ளிக்கூடச் சட்டைத் துணி.

அன்ரிட அம்மம்மா செத்த பிறகு வீட்டில அந்தப் பறங்கிப் பாஷை கதைக்க ஆள் இல்லையாம், 40 வருஷத்துக்கு மேல. ஜெபத்துக்கும் ஏச்சுக்கும் மட்டும் தனியச் சொல்லுவாவாம். பாலையூற்றுக்காரன் அண்ணை, உங்கட அம்மாவைப் பற்றிச் சொன்னனான். நடக்கக் கஷ்டமெண்டா தான் வாறன் எண்டு சொல்லச் சொன்னவ.

பாலையூற்றுக்காரன்:

நடப்பா, நடப்பா. அன்ரி தையல்கடை சேர்ச்சுக்குப் பின் ஒழுங்கைதானே? அம்மாட்டச் சொன்னன், எந்த வீட்டுப் பிள்ளை எண்டு கேட்டு, ஆளைத் தெரியும், சின்னனில சண்டை பிடிச்சனாங்க எண்டு சொல்லுறா. சனிக்கிழமை 4 மணிக்கு ஓட்டோவில கூட்டிக்கொண்டு வாறன். மகளைக் கொப்பியோட வரச் சொல்லுங்க, முதல் அரை மணித்தியாலம் ஏச்சாத்தான் இருக்கும்.